முகாமில் ஒரே நேரத்தில் பலருக்கு வயிற்றுப்போக்கு: புதிதாகப் பொறுப்பேற்கும் மருத்துவ உதவியாளருக்கு ஒரு வழிகாட்டி

வெளிப்பணிக்குப் போயிருக்கும் படைப்பிரிவின் முகாமில், மருத்துவப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். காலை சிக் ரிப்போர்ட்டுக்கு (உடம்பு சரியில்லாதவர்கள் மருத்துவப் பிரிவில் வந்து சொல்லும் நேரம்) வயிறு சரியில்லை என்று தினமும் ஒருவரோ இருவரோ வருவது வழக்கம். ஒருநாள் பதினைந்து பேர் வரிசையில் நிற்பார்கள். அந்த நாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அப்படி ஒரு வரிசைக்கு எதிரே நின்றவன்தான். கையேடு இருந்தது. கிருமிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. ஆனால் எதை முதல் மணி நேரத்திலேயே செய்ய வேண்டும், எதை மறுநாள் செய்தாலும் பரவாயில்லை என்பது மட்டும் அதில் இல்லை. ஆய்வுக்கூட வசதி இல்லாததால் விசாரணை தோற்பது குறைவு. மீந்த உணவைக் கொட்டிவிட்டார்கள், பாத்திரத்தைக் கழுவிவிட்டார்கள், மல மாதிரி எடுக்கும் முன்பே ஆண்டிபயாடிக் கொடுத்துவிட்டார்கள், தண்டனைக்குப் பயந்து யாரும் வாயைத் திறக்கவில்லை: பெரும்பாலும் இவற்றில் ஒன்றால்தான் தோற்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். 1990இல் 'டெசர்ட் ஷீல்டு' நடவடிக்கைக்காகச் சவூதி அரேபியாவுக்குப் போன அமெரிக்கப் படையினரில் சுமார் 2,000 பேரிடம் கேட்டபோது, 57 சதவீதம் பேர் ஒரு முறையாவது வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டதாகச் சொன்னார்கள். 20 சதவீதம் பேர் அதனால் தற்காலிகமாக வேலையே பார்க்க முடியாமல் போனதாகச் சொன்னார்கள். வளைகுடாப் போர் அப்போது தொடங்கவே இல்லை.

1. பொறுப்பேற்ற வாரமே சேர்த்து வைக்க வேண்டியவை

நோய் வந்த பிறகு தேடினால் எதுவும் கிடைக்காது. முதலில் காகிதங்கள். மெஸ்ஸின் வாராந்திர உணவுப் பட்டியல், சமையல்காரர்களின் பணி ரோஸ்டர், குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவேடு, குடிநீர்க் குளோரின் பதிவேடு, ரேஷன் வந்த ரசீதுகள், முகாமுக்கு வெளியே வாங்கிய பொருள்களின் ரசீதுகள். இவை எந்த அறையில், யார் பொறுப்பில் இருக்கின்றன என்று மட்டுமாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலைப் பதிவேட்டில் மாதம் முழுக்க ஒரே எண், ஒரே பேனா மையில் இருந்தால் அது பதிவேடு இல்லை. அதை அன்றே சரி செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து பொருள்கள். கேரி பிளேர் என்ற மல மாதிரி ஊடகக் குழாய்கள் (காலாவதித் தேதியைப் பாருங்கள், முகாம்களில் பெரும்பாலும் தேதி தாண்டித்தான் கிடக்கும்), மூடி இறுகும் மாதிரிக் குப்பிகள், உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி, ஓஆர்எஸ் (நீரிழப்பை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலங்கள், குளோரின் கரைசல், குளோரின் அளக்கும் பட்டைகள். வெப்பமானியைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வைத்து 0 டிகிரி காட்டுகிறதா என்று சோதியுங்கள். உயரமான மலைப்பகுதியில் கொதிநீரை வைத்துச் சோதித்தால் ஏமாந்து போவீர்கள். 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

மூன்றாவது, ஆய்வுக்கூடம். எந்த ஆய்வுக்கூடம் உங்கள் மாதிரியை வாங்கிக்கொள்ளும், கடிதத்தில் யார் கையெழுத்திட வேண்டும், செலவு யார் கணக்கில் போகும், போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். விமானத்தில் அனுப்புவதென்றால், நோயறி மாதிரிகளுக்கு யுஎன் 3373 என்ற குறியும் மூன்றடுக்குப் பொதியும் வேண்டும். அந்தப் பெட்டி கையில் இல்லாமல் ஓடுதளத்தில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான்காவதாக, தினமும் ஒவ்வொரு வேளைச் சமையலிலிருந்தும் ஒவ்வொரு பண்டத்திலும் கொஞ்சம் எடுத்து, தேதி, வேளை, நேரம் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் பழக்கம். எவ்வளவு, எத்தனை நாள் என்பது உங்கள் படையின் விதியைப் பொறுத்தது. பல இடங்களில் 24 மணி நேரத்தோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சால்மொனெல்லா என்ற கிருமி தன் வேலையைக் காட்ட மூன்று நாள் கூட எடுத்துக்கொள்ளும். அதனால் குறைந்தது 72 மணி நேரமாவது வைக்கச் சொல்லி மெஸ் பொறுப்பாளரோடு போராடுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காக அவரோடு மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை.

2. முதல் மணி நேரம்

இரண்டு வேலைகளை ஒன்றாகத் தொடங்க வேண்டும். நீங்கள் நோயாளிகளைப் பாருங்கள். இன்னொருவரை உடனே மெஸ்ஸுக்கு அனுப்புங்கள். அவர் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "எதையும் கொட்டாதீர்கள், எதையும் கழுவாதீர்கள், குப்பையை வெளியே அனுப்பாதீர்கள்." பிரச்சினை என்று காதில் விழுந்ததும் சமையற்கூடத்தைப் பளபளவென்று துடைத்து வைப்பதுதான் சமையல்காரர்களின் முதல் எதிர்வினை. கெட்ட எண்ணத்தில் இல்லை, பயத்தில். ஆனால் சாட்சி எல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

நோயாளிகளில் யாரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்? மலத்தில் இரத்தம், அதிகக் காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைந்து நாக்கு வறண்டு தலைசுற்றுவது, மயக்கம் அல்லது குழப்பம். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: கண் மங்குவது, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது. இது பொட்டுலிசமாக (உணவில் உள்ள நச்சு நரம்புகளைத் தாக்கும் நோய்) இருக்கலாம். ஒரே ஒருவருக்கு இருந்தாலும் அவசரம்தான்.

மற்றவர்களுக்கு ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். இரண்டு பொட்டலத்தை ஒரு பாட்டிலில் கொட்டிக் குலுக்கிக் குடித்தால் சீக்கிரம் குணமாகும் என்று நினைப்பவர்கள் எல்லாப் படையிலும் உண்டு. வெயிலில் ரோந்து போய் வந்தவருக்கு நீரிழப்பு இரட்டிப்பாக இருக்கும், அவரை முதலில் கவனியுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையை இரத்தமோ காய்ச்சலோ இருப்பவருக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆண்டிபயாடிக் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். தேவை என்றாலும், முடிந்தால் மல மாதிரி எடுத்த பிறகு.

3. காரணம் தெரியும்வரை காத்திருக்காமல் பரவலை நிறுத்துங்கள்

எந்தக் கிருமி என்று தெரிய நாள்கணக்காகும். கீழே உள்ளவற்றை அதற்குள் செய்துவிடலாம், செய்ததற்காக யாரும் வருந்தப்போவதில்லை.

வயிறு சரியில்லாத சமையல்காரர், பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர் எல்லோரையும் சமையல் பகுதியிலிருந்து விலக்குங்கள். அறிகுறி நின்று குறைந்தது 48 மணி நேரம் கழித்தே திரும்ப வேண்டும். ஷிகெல்லா (சீதபேதிக் கிருமி), டைஃபாய்டு போன்றவை என்றால் மலப் பரிசோதனை முடிவும் வேண்டும். சாப்பிட வருபவர்கள் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்வதை நிறுத்தி, ஒருவர் பரிமாறும்படி மாற்றுங்கள். பச்சைக் காய்கறி, வெட்டிய பழம், ஐஸ் கட்டி கொஞ்ச நாள் வேண்டாம். குடிநீரின் எஞ்சிய குளோரினை அன்றே அளந்து பாருங்கள்; குளோரின் கலந்து 30 நிமிடம் ஆன பிறகு லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொட்டியில் மட்டும் அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். கடைசிக் குழாயில், தண்ணீர் டிரெய்லரில், சென்ட்ரி (காவல் வீரர்) நிற்கும் இடத்தில் இருக்கும் கேனில் பாருங்கள்.

வாந்தி அதிகமாக இருந்து, ஆள் ஆளாகப் பரவினால் நோரோவைரஸ் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். கையில் தடவும் ஆல்கஹால் ஜெல் இதற்குச் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். வாந்தி பட்ட இடத்தை முதலில் துடைத்துக் கழுவிவிட்டு, அப்புறம் 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) குளோரின் கரைசல். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் இந்த அளவு வரும். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். வெப்பமான இடத்தில் பாட்டிலில் இருக்கும் மூலக் கரைசலே வலுவிழந்துபோகும் என்பதால் தயாரித்த தேதியைப் பாருங்கள். அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தோடு இதைக் கலந்தால் நச்சு வாயு வரும்.

2002 மே மாதம் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் பிரிட்டிஷ் களமருத்துவமனை ஒன்றில் இப்படித்தான் நோரோவைரஸ் பரவியது. சிப்பாய்களும் மருத்துவமனைப் பணியாளர்களுமாக 29 பேர் விழுந்தார்கள். முதலில் வந்த சிலருக்குத் தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் தாங்காமை எல்லாம் இருந்ததால் வேறு ஏதோ பெரிய நோய் என்ற அச்சம் வந்தது. கவனிக்க வேண்டியது, கவனித்துக்கொண்டவர்களுக்கே தொற்றியதைத்தான். உங்கள் கையுறையும் முகக்கவசமும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

4. நோயாளிப் பட்டியல்

ஒரு தாள், குறுக்கே கோடுகள், போதும். முதலில் யாரை நோயாளி என்று கணக்கில் எடுப்பீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். உதாரணமாக: "இன்ன தேதிக்குப் பிறகு, இந்த முகாமில் இருந்தவர்களில், 24 மணி நேரத்துக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ தளர்வாக மலம் போனவர், அல்லது வாந்தி எடுத்தவர்." இந்த வரி இல்லாவிட்டால் மூன்று பேர் மூன்று விதமாக எண்ணுவீர்கள்.

அப்புறம் ஒவ்வொருவருக்கும்: பணி எண், பிரிவு, தூங்கும் கூடாரம், அறிகுறி தொடங்கிய தேதியும் நேரமும், என்னென்ன அறிகுறி, கடந்த மூன்று நாள் எங்கே எந்த வேளை சாப்பிட்டார், எந்தத் தண்ணீர் குடித்தார், எங்கே பணியில் இருந்தார், சமையல் வேலை செய்பவரா, மாதிரி எண். தொடங்கிய நேரம்தான் இதில் உயிர்நாடி. "நேற்று ராத்திரி" என்று சொன்னால் விடாதீர்கள். சென்ட்ரி மாறுவதற்கு முன்பா பின்பா, விளக்கு அணைத்த பிறகா என்று கேட்டால் மணி வந்துவிடும்.

சிக் ரிப்போர்ட்டுக்கு வந்தவர்கள் மட்டும்தான் நோயாளிகள் என்று நினைக்காதீர்கள். படையில் வயிற்றுப்போக்குக்கு மருத்துவரிடம் போவதைக் கேவலமாக நினைப்பவர்கள் அதிகம். கூடாரம் கூடாரமாகப் போய்க் கேளுங்கள். கழிவறை சுத்தம் செய்பவரிடம் கேட்டால் எந்த இரவு கூட்டம் அதிகம் என்று சரியாகச் சொல்வார்.

5. மாதிரிகள்: யாரிடம், எப்போது, எத்தனை

எல்லோரிடமும் எடுக்க வேண்டாம். நோய் இப்போதுதான் தொடங்கிய, இன்னும் ஆண்டிபயாடிக் எடுக்காத 5 முதல் 10 பேர் போதும். முடிந்தால் முதல் 48 மணி நேரத்துக்குள். பாக்டீரியாவுக்குக் கேரி பிளேர் குழாயில், வைரஸ் பரிசோதனைக்குத் தனியாகக் காலிக் குப்பியில். இரண்டையும் 4 டிகிரி அளவில் குளிரவைக்க வேண்டும், ஃப்ரீசரில் வைக்காதீர்கள். குப்பியின் மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிப்போகும். குப்பியின் பக்கவாட்டில் எழுதுங்கள்.

மீந்த உணவும், எடுத்து வைத்த மாதிரியும் சீல் வைக்கப்பட்டு, யார் எடுத்தார், எப்போது, யாரிடம் கொடுத்தார் என்ற கையெழுத்துச் சங்கிலியோடு போக வேண்டும். வெளிநாட்டு மண்ணில், பகைச் சூழலில், பத்துப் பேருக்கு வாந்தி என்றதும் "சாப்பாட்டில் விஷம் வைத்துவிட்டார்கள்" என்ற பேச்சு அரை மணியில் கிளம்பிவிடும். கையில் துப்பாக்கி இருப்பவர்கள் மத்தியில் இந்த வதந்தி சாதாரண வதந்தி இல்லை. கையெழுத்துச் சங்கிலி சரியாக இருந்தால்தான் பின்னால் எவரும் எதுவும் சொல்ல முடியாது.

6. நேரத்தை வைத்துக் கிருமியைக் குறுக்குங்கள்

சாப்பிட்டதற்கும் அறிகுறிக்கும் இடையே ஓடிய நேரம், ஆய்வுக்கூட முடிவு வருவதற்கு முன்பே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

சில நிமிடம் முதல் ஒரு மணி: ரசாயனம், உலோகப் பாத்திரத்தில் வைத்த புளிப்புப் பானம், அல்லது கெட்ட மீனால் முகம் சிவப்பது.

ஒன்று முதல் 6 மணி, வாந்தி முக்கியம்: ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சு, அல்லது நீண்ட நேரம் வெளியே இருந்த சோற்றிலிருந்து பேசிலஸ் சீரியஸ். இந்த நச்சுகள் சூடுபடுத்தினால் போகாது. "நல்லா கொதிக்க வைத்தோம் சார்" என்பது இங்கே பதில் ஆகாது.

6 முதல் 24 மணி, வயிற்றுவலி, பேதி, காய்ச்சல் இல்லை: குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ். பெரிய அண்டாவில் சமைத்து மெதுவாக ஆறிய இறைச்சிக் குழம்புதான் இதற்குப் பிடித்த இடம்.

12 முதல் 48 மணி, வாந்தியும் பேதியும்: நோரோவைரஸ்.

12 முதல் 72 மணி, காய்ச்சலோடு: சால்மொனெல்லா. ஒன்று முதல் மூன்று நாள்: ஷிகெல்லா, அல்லது வெளியூர் போனவர்களை அதிகம் பிடிக்கும் ஈ.டி.இ.சி. எனப்படும் ஈ. கோலை வகை. 2 முதல் 5 நாள்: கேம்பிலோபாக்டர்.

புதியவர்கள் தவறாமல் விழும் பள்ளம் இது: நோயாளி கடைசியாகச் சாப்பிட்ட உணவைக் குற்றம் சொல்வார். வாந்தியில் வெளியே வந்தது அதுதான் என்பதால் அவருக்கு அதன்மேல்தான் கோபம். நீங்கள் நேரத்தைப் பாருங்கள்.

ஒரு கோட்டுத்தாளில் மணிவாரியாக எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கட்டம் போடுங்கள். சட்டென்று ஏறி இறங்கினால் ஒரே வேளை உணவு. அலை அலையாக வந்தால் ஆளிடமிருந்து ஆளுக்கு. இறங்காமலே நீண்டால் தண்ணீரையோ, இன்னும் சமைத்துக்கொண்டிருக்கும் ஒரு நோயாளியையோ சந்தேகியுங்கள்.

7. நன்றாக இருப்பவர்களிடமும் கேளுங்கள்

நோயாளிகளிடம் மட்டும் கேட்டால் "எல்லோரும் சோறு சாப்பிட்டார்கள்" என்றுதான் வரும். சோறு எல்லோரும்தான் சாப்பிட்டார்கள், நோய் வராதவர்களும். ஒரு கற்பனைக் கணக்கு: முகாமில் 120 பேர், 44 பேருக்கு நோய். கோழிக்கறி சாப்பிட்டவர்கள் 80 பேர், அதில் 40 பேர் நோயாளிகள்: 50 சதவீதம். சாப்பிடாத 40 பேரில் 4 பேர்: 10 சதவீதம். ஐந்து மடங்கு. சோறு சாப்பிட்ட 110 பேரில் 41 பேர் நோயாளிகள்: 37 சதவீதம். சாப்பிடாத 10 பேரில் 3 பேர்: 30 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. இனி கோழிக்கறி சமைத்த வழியைத் தோண்டலாம். ஒவ்வொரு பண்டத்துக்கும் இப்படி ஒரு வரி போட்டால், கால்குலேட்டர் இருந்தால் ஒரு மாலை நேர வேலை.

கேட்கும் முன் கமாண்டரிடம் ஒரு உறுதி வாங்குங்கள்: இந்தக் கேள்விகளுக்குச் சொல்லும் பதிலுக்காக யாரும் தண்டிக்கப்பட மாட்டார்கள். முகாமுக்கு வெளியே சாப்பிடத் தடை இருக்கும். தடை இருக்கும் இடத்தில் வெளியே சாப்பிடுபவர்களும் இருப்பார்கள். ஒழுங்கு நடவடிக்கை வரும் என்று தெரிந்தால் அந்த உண்மை உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. இந்த உறுதி வாய்வார்த்தையாக இல்லாமல் ஒரு வரி உத்தரவாக வந்தால் இன்னும் நல்லது. விசாரிக்க ராணுவப் போலீசை உடன் கூட்டிப் போகாதீர்கள்.

8. சமையற்கூடத்தில் எதைப் பார்ப்பது

தரை பளபளப்பை விடுங்கள். சந்தேகப்படும் பண்டம் உறைபெட்டியிலிருந்து வெளியே வந்தது முதல் தட்டில் விழுந்தது வரை மணி மணியாகச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே இளகியது? வெட்டிய பலகையில் அடுத்து என்ன வெட்டினார்கள்? உள் வெப்பம் 75 டிகிரி தொட்டதா, யார் பார்த்தார்? பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல் இருந்ததா? மீந்ததை ஆற வைத்தார்களா? 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்தில், அடுத்த நான்கு மணியில் 5 டிகிரிக்கு வர வேண்டும். நாற்பது லிட்டர் அண்டாவை அப்படியே குளிர்பதனப் பெட்டிக்குள் தள்ளினால் நடுவில் இருப்பது விடியும்வரை சூடாகவே இருக்கும். ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து வைக்க வேண்டும்.

பலர் பார்க்காமல் விடும் இடம் முகாமுக்கு வெளியே இருக்கிறது: புறக்காவல் நிலைகளுக்குப் போகும் சாப்பாடு. மதியம் 12 மணிக்குச் சூட்டுப்பெட்டியில் அடைத்தது, வண்டி தாமதமாகி, மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்து, காவல் மாறி வந்தவர் ஐந்து மணிக்குச் சாப்பிடுவார். மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதே உணவுதான். ஜெனரேட்டர் இரவில் எத்தனை மணி நேரம் நின்றது என்ற பதிவையும் கேட்டு வாங்குங்கள், எரிபொருள் பதிவேட்டில் இருக்கும்.

கழிவறைக் குழி, கழிவுநீர் எங்கே போகிறது என்பதையும் நடந்து போய்ப் பாருங்கள். 2010இல் ஹைத்தியில் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியதை மறக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான பொதுமக்கள் இறந்தார்கள்.

9. கமாண்டரிடம் பேசும்போது

கிருமியின் பெயரோடு தொடங்காதீர்கள். ஆள்நாளில் பேசுங்கள். மேலே சொன்ன கணக்கில் 44 பேர் தலா இரண்டு நாள் படுத்தால் 88 ஆள்நாள். அவர்கள் இடத்தில் இரட்டைக் காவல் நிற்பவர்களின் களைப்பு இதில் சேராது. கடுமையான ஒருவரை ஹெலிகாப்டரில் அனுப்ப வேண்டி வந்தால் ஆகும் செலவை, ஒரு வருடத்துக்கு வேண்டிய ஓஆர்எஸ், வெப்பமானி, குளோரின் செலவோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வாக்குவாதம் தேவைப்படாது.

தினமும் ஒரே நேரத்தில் அரைப்பக்க அறிக்கை கொடுங்கள்: புதிய நோயாளிகள், மொத்தம், படுக்கையில் இருப்பவர்கள், இன்று செய்தது, நாளை வேண்டியது. உறுதியானதையும் சந்தேகத்தையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். ஒரு சமையல்காரரின் பெயரை அறிக்கையில் எழுதும் முன் இரண்டு முறை யோசியுங்கள். அவர் மலத்தில் கிருமி இருந்தால்கூட அவர் காரணமா, அதே உணவைச் சாப்பிட்டுப் பாதிக்கப்பட்டவரா என்பது வேறு கேள்வி. சமையல்காரர்கள் மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறார்கள்.

10. எப்போது முடிந்தது என்று சொல்வது

கடைசி நோயாளிக்குப் பிறகு, உடலுக்குள் போனதிலிருந்து அறிகுறி காட்ட அந்தக் கிருமி எடுத்துக்கொள்ளும் அதிகபட்ச நேரத்தைப் போல் இரண்டு மடங்கு காலம் புதிதாக யாரும் வராமல் இருந்தால் முடிந்தது என்று எழுதலாம். நோரோவைரஸ் என்றால் நான்கு நாள். கிருமி தெரியவே இல்லை என்றால் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் உறுதியாகத் தெரியாமல் முடியும் விசாரணைகள் நிறைய உண்டு, அப்படியே எழுதுங்கள்.

இறுதிக் கோப்பில் இருக்க வேண்டியவை: நோயாளிப் பட்டியல், கட்ட வரைபடம், உணவுவாரிக் கணக்கு, மாதிரி அனுப்பிய சீட்டுகள், ஆய்வுக்கூட முடிவுகள், சமையற்கூடப் பார்வைக் குறிப்பு, வழங்கிய உத்தரவுகளின் நகல்கள். ஆய்வுக்கூட முடிவு நீங்கள் ஊர் திரும்பிய பிறகுகூட வரலாம். அதனால் கோப்பின் ஒரு நகலை உங்களுக்கு அடுத்து வரும் பிரிவின் மருத்துவ உதவியாளரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, முடிவை அவர் பெயருக்கு அனுப்பும்படி ஆய்வுக்கூடத்துக்கும் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.